பட்டன் போட்டதெல்லாம் ஒரு பெருமையா? பால்வாடி வாசலில் பெற்றோர் கேட்ட கேள்விகள்

திண்டுக்கல் மாவட்டத்தில், வேடசந்தூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் 23 வருடம் அங்கன்வாடிப் பணியாளராக இருந்தேன். ஊரில் இன்றைக்கும் பால்வாடி டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பிள்ளையைக் கூட்டிப்போக வரும் அம்மா, அப்பா, அம்மாச்சி, தாத்தா எல்லோரும் வாசற்படியில் நின்று ஒரு சந்தேகமாவது கேட்காமல் போனதில்லை. ஆள் மாறும், கேள்வி மாறாது. அவற்றை அவர்கள் கேட்டபடியே எழுதி, நான் சொன்ன பதிலையும் எழுதியிருக்கிறேன். பிறந்ததிலிருந்து ஐந்து வயது வரைக்குமான பிள்ளைகளைப் பற்றியவை இவை.

"சட்டைக்குப் பட்டன் போட்டதெல்லாம் ஒரு சாதனையா டீச்சர்? எல்லாப் பிள்ளையும் பண்றதுதானே?"

பட்டன் போடும்போது உங்கள் கையை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். ஒரு கை காஜாவை விரித்துப் பிடிக்கிறது. இன்னொரு கை பட்டனைச் சாய்த்து நுழைக்கிறது. பாதி வெளியே வந்ததும் இரண்டு கையும் வேலையை மாற்றிக்கொள்கின்றன. கழுத்துப் பட்டனை என்றால் கண்ணால் பார்க்கவும் முடியாது, விரல்தான் பார்க்க வேண்டும். இதை ஒரு பிள்ளை செய்வதற்குள் மூன்று, நான்கு வயது ஆகிவிடுகிறது. அதுவரை அந்தக் கைகள் மண்ணைப் பிசைந்து, டப்பாவைத் திறந்து, சோற்றை உருட்டிப் பழகிய பழக்கம் எல்லாம் அந்த ஒரு பட்டனில் வந்து சேர்கிறது.

முட்டை போடும் நாள் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். நாலு வயது முடியாத ஒரு பெண்பிள்ளை. ஆயாம்மா உரித்துக் கொடுக்கக் கை நீட்டியதும் முட்டையை இரண்டு உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள். தட்டின் ஓரத்தில் தட்டினாள். ஓடு நொறுங்கியது, உள்தோல் விடவில்லை. நகத்தால் கிள்ளினாள், வெள்ளைக்கருவும் சேர்ந்து பிய்ந்தது. பிய்ந்ததை வாயில் போட்டுக்கொண்டு முட்டையைத் திருப்பினாள். அகலமான அடிப்பக்கத்தில் ஒரு சின்னக் குழி இருக்குமே, அங்கே விரல் உள்ளே போனது. அப்புறம் தோலோடு சேர்ந்து ஒரு பெரிய சில்லு கழன்று வந்தது. மற்ற பிள்ளைகள் சாப்பிட்டுக் கை கழுவப் போயிருந்தார்கள். அவள் அந்தச் சில்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, யார் பார்த்தது என்று நிமிர்ந்து பார்த்தாள். வாசலில் அவள் அம்மா நின்றிருந்தார். "சீக்கிரம் தின்னு, பஸ் போயிரும்" என்றார்.

அந்த அம்மாவைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை, பஸ் போய்விடும் என்பது நிஜம். ஆனால் அந்தப் பிள்ளை நிமிர்ந்து பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. தான் செய்தது பெரிய காரியம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரியாமல் இருந்தது பெரியவர்களான நமக்குத்தான்.

"எந்த வயசுல எதைச் செய்யணும்னு ஒரு கணக்கு சொல்லுங்க."

கணக்கு உண்டு. அது ஒரு தேதி இல்லை, ஒரு நீண்ட இடைவெளி. உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 816 குழந்தைகளைப் பின்தொடர்ந்து பார்த்து 2006-இல் வெளியிட்ட அளவு இது: பிடிக்காமல் உட்காருவது சுமார் 4 மாதத்திலிருந்து 9 மாதத்துக்குள். கையும் முட்டியும் ஊன்றித் தவழ்வது 5 மாதத்திலிருந்து பதின்மூன்றரை மாதத்துக்குள். தனியாக நடப்பது 8 மாதத்திலிருந்து பதினேழரை மாதத்துக்குள். நடப்பதற்கு மட்டும் ஒன்பது மாதத்துக்கும் மேல் இடைவெளி இருப்பதைக் கவனியுங்கள். எட்டில் நடந்த பிள்ளையும் சரி, பதினேழில் நடந்த பிள்ளையும் சரி, இரண்டும் ஆரோக்கியமான பிள்ளைகள்தான்.

கை வேலையில், ஒற்றைப் பொரியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளி எடுப்பது ஒன்பது, பத்து மாதவாக்கில் வரும். (பொரியோடு நிறுத்துங்கள். கடலை, பட்டாணி போன்றவை தொண்டையில் அடைத்துக்கொள்ளும், நாலைந்து வயது வரை வேண்டாம்.) ஸ்பூனால் கொட்டிக்கொண்டாவது சாப்பிடுவது ஒன்றரை வயதையொட்டி. மாடிப்படியில் காலை மாற்றி மாற்றி வைத்து ஏறுவது மூன்று வயதில். அதேபோல் இறங்குவதற்கு இன்னும் ஒரு வருடம் பிடிக்கும்.

நம் ஆட்கள் இந்தக் கணக்கைப் பாட்டாகவே வைத்திருந்தார்கள். பிள்ளைத்தமிழில் 5ஆம் மாதம் செங்கீரை, கையும் முட்டியும் ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது. 9ஆம் மாதம் சப்பாணி, இரண்டு கையையும் சேர்த்துக் கொட்டுவது. 13ஆம் மாதம் வருகை, தளர்நடை நடந்து வா என்று கூப்பிடுவது. கடவுளைக் குழந்தையாக்கிப் பாடும்போதுகூட, கை தட்டியதையும் நடந்து வந்ததையும்தான் பெருமையாகப் பாடியிருக்கிறார்கள். எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் சந்தோஷமாக இருக்கும்.

"பக்கத்து வீட்டுப் பாப்பா பத்து மாசத்துல நடந்துருச்சு. எம் பையன் பதினாலு மாசமாச்சு, இன்னும் சுவரைப் பிடிச்சுக்கிட்டுத்தான் போறான்."

மேலே சொன்ன இடைவெளியைப் பாருங்கள். உங்கள் பையன் அதற்குள்தான் இருக்கிறான். சுவரைப் பிடித்துப் பக்கவாட்டில் நடப்பது சும்மா நிற்பது இல்லை. ஒரு காலில் முழு எடையையும் தாங்கி மறு காலை நகர்த்தப் பழகுகிறான். கதவு வந்த இடத்தில் சுவர் விட்டுப்போகிறதே, அங்கே அவன் என்ன செய்கிறான் என்று பாருங்கள். கையை விடுகிறானா, உட்கார்ந்துவிடுகிறானா, எட்டிப் பிடிக்கிறானா? நான் சொன்னதைக் கேட்டு வீட்டுக்குப் போய்ப் பார்த்த அப்பா ஒருவர், "நிலைக்குக் கைய நீட்டி அளந்து பாக்குறான் டீச்சர், எட்டலைன்னா திரும்பிடுறான்" என்று மறுநாள் வந்து சொன்னார். அவர் முகத்தில் கவலை போய் வேறொன்று வந்திருந்தது.

நடைவண்டி வாங்கட்டுமா என்று கேட்பீர்கள். உட்காரவைத்து உருட்டும் சக்கர வாக்கர் வேண்டாம். அது நடையைச் சீக்கிரம் கொண்டுவராது, படியில் உருண்டு விழும் ஆபத்துதான் உண்டு. பிள்ளை தானே நின்று தள்ளிக்கொண்டு போகும் பழைய மூன்று சக்கர மரவண்டி, பக்கத்தில் ஆள் இருந்தால் பரவாயில்லை.

"எம் பேத்தி தவழவே இல்லை, குண்டியை இழுத்து இழுத்துப் போயி நேரா எந்திரிச்சு நின்னுட்டா. குறையா இது?"

குறை இல்லை. முன்பு சொன்ன அதே ஆய்வில் நூற்றுக்கு நாலு பிள்ளைகள் கையும் முட்டியும் ஊன்றித் தவழவே இல்லை, நேராக நடந்துவிட்டன. இழுத்துப் போவதையும் அவள் தானாகக் கண்டுபிடித்ததுதான். சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருங்கள்.

"அப்ப எதுக்குமே கவலைப்பட வேண்டாமா?"

அப்படிச் சொல்லவே மாட்டேன். ஒன்பது மாதம் முடிந்தும் பிடிக்காமல் உட்காராத பிள்ளை, ஒன்றரை வயது தாண்டியும் தனியாக நடக்காத பிள்ளை, சத்தம் கேட்டுத் திரும்பாத பிள்ளை, ஒரு வயதில் மழலைச் சத்தமோ டாட்டா காட்டுவதோ கை நீட்டிக் காட்டுவதோ இல்லாத பிள்ளை, பதினாறு மாதத்தில் ஒற்றை வார்த்தையும், இரண்டு வயதில் 'தண்ணி தா' போல இரண்டு வார்த்தை சேர்த்தும் சொல்லாத பிள்ளை: இவர்களை டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். எந்த வயதானாலும் சரி, பேசிய வார்த்தை நின்றுபோனால், செய்துகொண்டிருந்ததை விட்டுவிட்டால், அந்த வாரமே போங்கள். "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசுனாரு" என்று வீட்டில் சொல்லி ஒரு வருடத்தைக் கழித்துவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு வருடம் திரும்ப வராது.

தடுப்பூசி போடும்போது கொடுத்த தாய்சேய் நல அட்டையில் மாதவாரியாகப் படம் போட்டிருக்கும், எடுத்துப் பாருங்கள். 2013-இலிருந்து ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசுக் குழந்தை நலத் திட்டத்தின் டாக்டர்கள் வருடத்துக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கே வந்து பிள்ளைகளைப் பார்க்கிறார்கள். அந்த நாளில் பிள்ளையைக் கட்டாயம் அனுப்புங்கள். மேல்சிகிச்சை வேண்டுமென்றால் மாவட்டத்துப் பெரியாஸ்பத்திரியில் இதற்கென்றே மையம் இருக்கிறது. காதுப் பரிசோதனை, பேச்சுப் பயிற்சி, பிசியோதெரபி எல்லாம் அங்கே செலவில்லாமல் கிடைக்கும்.

"பெருமையா நாலு பேர்கிட்ட சொன்னா கண்ணு பட்டுரும்னு எங்க அத்தை வாயைத் திறக்க விடமாட்டேங்கிறாங்க."

உங்கள் அத்தையின் பயத்துக்குள் இருப்பது பாசம். முன்பெல்லாம் பிறந்த பிள்ளைகள் எத்தனையோ தங்காமல் போன வீடுகள் நம் ஊரில் உண்டு. அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பிள்ளையைப் பற்றி நல்லதைச் சத்தமாகச் சொல்லவே நடுக்கம். சுற்றிப் போடட்டும், கன்னத்தில் மைப்பொட்டு வைக்கட்டும். கண்ணுக்குள் மை தீட்டுவதை மட்டும் வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லுங்கள். சில மைகளில் ஈயம் கலந்திருக்கிறது, கண்ணில் சீழ் பிடிக்கவும் வாய்ப்புண்டு.

வெளியில் சொல்லாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. பிள்ளையிடம் சொல்லாமல் இருப்பதுதான் வருத்தம். திருஷ்டிக்குப் பயந்து பிள்ளையின் முகத்துக்கு நேரேயே "கறுவாச்சி", "மக்கு" என்று மட்டம்தட்டிப் பேசும் வழக்கமும் இருக்கிறது. அதைக் கேட்கும் பிள்ளைக்கு அதன் பின்னால் இருக்கும் கணக்கு தெரியாது, வார்த்தை மட்டும்தான் தெரியும்.

"சும்மா சும்மா பாராட்டினா தலைக்கனம் வந்துராதா?"

எதைப் பாராட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது. கிளாடியா மியூல்லர், கரோல் டிவெக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1998-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர் கொடுத்து, ஒரு கூட்டத்திடம் "நீ புத்திசாலி" என்றும், இன்னொரு கூட்டத்திடம் "நல்லா முயற்சி பண்ணியிருக்க" என்றும் சொன்னார்கள். அடுத்து எது வேண்டும் என்று கேட்டபோது, புத்திசாலி என்று பேர் வாங்கிய பிள்ளைகள் அதிகம்பேர் சுலபமான புதிரைத்தான் எடுத்தார்கள். கடினமான ஒன்றில் தோற்ற பிறகு சுலபமானதிலும் சறுக்கினார்கள். வாங்கிய பேரைக் காப்பாற்ற வேண்டுமே என்ற பயம். முயற்சிக்காகப் பாராட்டு வாங்கிய பிள்ளைகள் பெரும்பாலும் கடினமானதையே கேட்டார்கள்.

அவர்கள் பெரிய பிள்ளைகள் என்று நினைக்கலாம். சிகாகோவில் 53 குழந்தைகளின் வீட்டுக்கே போய், 14 மாதத்திலிருந்து 38 மாதம் வரை பெற்றோர் எப்படிப் பாராட்டுகிறார்கள் என்று பதிவுசெய்து 2013-இல் ஒரு ஆய்வு வந்தது. செய்ததைச் சொல்லிப் பாராட்டப்பட்ட பிள்ளைகள், ஏழெட்டு வயதில், முயற்சி செய்தால் முன்னேறலாம் என்று நம்புகிறவர்களாக இருந்தார்கள். பேசவே தெரியாத பிள்ளையிடம் என்ன பேசினால் என்ன என்று இனிமேல் நினைக்காதீர்கள்.

தலைக்கனம் எதில் வரும் தெரியுமா? "அவன மாதிரி இல்ல, எம்புள்ள கெட்டிக்காரன்" என்று அடுத்த பிள்ளையைக் கீழே வைத்து நம் பிள்ளையை மேலே ஏற்றும்போது வரும்.

"சூப்பர், வெரி குட் தவிர எனக்கு வேற வார்த்தையே வரமாட்டேங்குது. என்னதான் சொல்றது?"

கண்ணால் பார்த்ததைச் சொன்னால் போதும். "செருப்பை இடது வலது சரியா மாட்டிட்டியே!" "தண்ணி சிந்தாம செம்பைக் கொண்டாந்துட்ட, ரெண்டு கையாலயும் பிடிச்சியா?" "முதல்ல விழுந்துச்சு, அப்புறம் பெரிய கட்டையை அடியில வச்ச, இப்ப நிக்குது." இதில் எங்குமே 'நல்ல' என்ற வார்த்தை கிடையாது. ஆனாலும் தன்னை ஒருவர் முழுசாகப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று பிள்ளைக்குப் புரிந்துவிடும். முட்டை உரித்த பிள்ளையிடம் நான் அன்றைக்குச் சொன்னது, "அடியில குழி இருக்கிற பக்கம் உரிச்சா சுலபமா வருதுன்னு கண்டுபிடிச்சிட்ட." அடுத்த முறை முட்டை போட்டபோது அவள் பக்கத்துப் பிள்ளைக்கு அந்தக் குழியைக் காட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

சூப்பர் என்று சொல்வதும் தப்பில்லை, வாயில் வருவதை அடக்க வேண்டாம். அதோடு கண்டதையும் ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள். வார்த்தை வரவில்லை என்றால் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்த முகமாகப் பாருங்கள்.

"சாக்லேட் தரேன்னா உடனே செய்றான். அது தப்பா டீச்சர்?"

என்றைக்காவது ஒருநாள் என்றால் பெரிய விஷயமில்லை. எப்போதும் அப்படி என்றால் ஒன்றை யோசியுங்கள். அமெரிக்காவில் ஒரு நர்சரிப் பள்ளியில், படம் வரைவதில் ஆசையுள்ள மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளைக் கொண்டு செய்த ஆய்வு 1973-இல் வந்தது. வரைந்தால் ரிப்பன் ஒட்டிய சான்றிதழ் தருவோம் என்று சிலரிடம் முன்கூட்டியே சொன்னார்கள். வாக்குக் கொடுத்தபடி கொடுத்தும் விட்டார்கள். சில நாள் கழித்துப் பரிசுப் பேச்சே இல்லாமல் ஸ்கெட்ச் பேனாவை வைத்துப் பார்த்தபோது, பரிசுக்காக வரைந்தவர்கள் மற்றவர்களைவிடப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். வேறு சில பிள்ளைகளுக்குப் பரிசு பற்றி முன்கூட்டிச் சொல்லாமல் கடைசியில் திடீரென்று கொடுத்தார்கள், அவர்களுக்கு ஆசை குறையவில்லை.

அதனால் 'செஞ்சா தரேன்' என்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள். அவன் தானாகப் பாயைச் சுருட்டி வைத்த நாளில், ராத்திரி அவனுக்குப் பிடித்த தோசையை ஊற்றிக் கொடுத்து இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுங்கள். அது கூலி ஆகாது.

"காலையில ஏழு மணிக்கு மில் வேன் வந்துரும். அவளே செருப்பு மாட்டுற வரைக்கும் நின்னா எனக்கு வேலை போயிரும்."

என்னிடம் வந்த கேள்விகளில் இதுதான் மிகவும் நியாயமான கேள்வி. நூற்பாலையில் ஷிப்ட் பார்க்கும் அம்மாவிடம் 'பொறுமையாக இருங்கள்' என்று சொல்வதில் அர்த்தமில்லை. நானும் என் மகனுக்குக் காலையில் நானே ஊட்டி, நானே மாட்டி, இழுத்துக்கொண்டு ஓடியவள்தான். அவன் ஒன்றாம் வகுப்பில் டிபன் டப்பா மூடியைத் திறக்கத் தெரியாமல் சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டுவந்த நாளில்தான் எனக்கு உறைத்தது. மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் பால்வாடியில் திறக்கக் கற்றுக்கொடுத்திருந்தேன்.

காலையை விட்டுவிடுங்கள், மாட்டிவிட்டே கிளம்புங்கள். சாயங்காலம் ஒன்றே ஒன்றை அவளுக்கென்று வையுங்கள். பூண்டு உரிக்கட்டும், துவைத்த துணியில் சாக்ஸை ஜோடி சேர்க்கட்டும், குளித்த பிறகு தானே ஜட்டி போட்டுக்கொள்ளட்டும். ஒரு வேலைக்குப் பத்து நிமிடம். ஆறு மாதத்தில் காலையிலும் உங்களுக்கு நேரம் மிச்சமாகும். மாட்டச் சுலபமான ஒட்டுப்பட்டைச் செருப்பு, இடுப்பில் எலாஸ்டிக் வைத்த டிராயர் வாங்கினால் பாதி வேலை அங்கேயே குறைந்துவிடும்.

"எங்க வீட்டுக்காரர் கத்தார்ல இருக்காரு. அவர் வீடியோ கால்ல வந்தா மட்டும் பாப்பா ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிறா. அவருக்கு வருத்தம்."

தூரத்தில் இருக்கும் அப்பாவுக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்று எனக்குப் புரிகிறது. ஆனால் "அப்பாவுக்கு ரைம்ஸ் சொல்லிக் காட்டு, டான்ஸ் ஆடிக் காட்டு" என்றதும் பிள்ளைக்கு அது விளையாட்டாக இல்லாமல் தேர்வாகிவிடுகிறது. வீட்டுக்கு வந்த விருந்தாளி முன்னால் நிறுத்தினாலும் இதே கதைதான். சேலைத் தலைப்புக்குள் ஒளிந்துகொண்டால் அது திமிரும் இல்லை, தெரியாமையும் இல்லை. இரண்டு, மூன்று வயதில் கூச்சம் இயல்பு.

காட்டச் சொல்லாமல் செய்யவிடுங்கள். அவள் சாப்பிடும் நேரம் பார்த்து போனைச் செம்பில் சாய்த்து வைத்துவிட்டு நீங்கள் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருங்கள். அவர் அங்கிருந்து, "அப்பளத்தை எப்படி உடைக்கிறா பாரு" என்று, 'சூப்பர், வெரி குட்' கேள்விக்குச் சொன்ன மாதிரி கண்டதைச் சொல்லட்டும். இப்படிச் செய்த வீட்டில், இரண்டு வாரத்தில் பிள்ளை தானாகவே அப்பளத்தைத் திரைக்கு நேரே நீட்டி "இந்தா" என்றதாம். அவர் அங்கே வாயைத் திறந்து காட்டினாராம். சொல்லும்போது அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஸ்டேட்டஸ், ரீல்ஸ்ல போடலாமா?"

சொந்தக்காரர்கள் மட்டும் பார்க்கிற மாதிரி என்றால் போடுங்கள். குளிக்கும் படம், உடுப்பில்லாத படம், அழும்போது எடுத்தது, ஜட்டி நனைத்தது இவை ஒருபோதும் வேண்டாம். பள்ளிப் பெயரோ வீட்டு விலாசமோ தெரியும் படமும் வேண்டாம். இன்னொன்று, முட்டை உரித்துவிட்டு நிமிரும் பிள்ளை தேடுவது உங்கள் கண்ணை. அங்கே போனின் முதுகு இருந்தால் ஏமாந்துபோகும். முதலில் கண்ணால் பாருங்கள், படம் அப்புறம்.

"மழையை 'மய'ங்கிறா, பழத்தை 'பயம்'ங்கிறா. கேக்க ஆசையா இருக்கு. திருத்தணுமா, ரசிக்கணுமா?"

ரசியுங்கள். ர, ற, ழ இவையெல்லாம் நாக்குக்குக் கடைசியில்தான் வசப்படும், அஞ்சு வயது தாண்டியும் சில பிள்ளைகளுக்கு இழுக்கும். 'அப்படி இல்லை, திருப்பிச் சொல்லு' என்று நிறுத்தினால் சொல்ல வந்த சேதி போய்விடும். அவள் "மய வதுது" என்றால், நீங்கள் "ஆமா, மழை வருது, பெரிய மழை" என்று சரியான சொல்லை உங்கள் பேச்சில் கேட்கவிடுங்கள். நீங்களும் அவளைப் போலவே மழலையில் திருப்பிப் பேச வேண்டாம், அவளுக்குச் சரியான ஒலி கேட்க வேறு இடமில்லை. மூன்று வயதில் வீட்டில் உள்ளவர்களுக்கே அவள் பேச்சில் பாதிக்கு மேல் புரியவில்லை என்றால், 'எதுக்குமே கவலைப்பட வேண்டாமா' என்ற கேள்விக்கு நான் சொன்ன பதிலைப் பாருங்கள்.

"எல்கேஜி போற பிள்ளை ஏபிசிடி எழுதுது. உங்ககிட்ட வர்ற எம் பையன் வட்டம்தான் போடுறான். என்னத்தைப் பெருமைப்பட?"

அந்த வட்டத்தைத்தான். ஆரம்பத்தில் கிறுக்கல், நிறுத்தத் தெரியாத கோடு. மூன்று வயதையொட்டி, புறப்பட்ட இடத்துக்கே கோட்டைத் திருப்பிக் கொண்டுவந்து மூடுகிறான். கூட்டல் குறி மாதிரி இரண்டு கோட்டைக் குறுக்கே போடுவது நாலு வயதில், முக்கோணம் அஞ்சு வயதில். சாய்ந்த கோடும் மூலையும் கைக்கு வராமல் 'ஏ' எழுதவைத்தால் அது கையைப் பிடித்து நாம் எழுதியதுதான். விஜயதசமியில் அரிசித் தட்டில் விரலைப் பிடித்து 'அ' போடுகிறோமே, அது ஒரு தொடக்கம், ஒரு ஆசீர்வாதம். மறுநாளே நாலு வரி நோட்டு நிரம்ப வேண்டும் என்று அதற்கு அர்த்தமில்லை.

அவன் போட்ட வட்டத்தில் ஒருநாள் இரண்டு புள்ளி வரும், அடியில் இரண்டு கோடு இறங்கும். உடம்பே இருக்காது, தலையிலிருந்து நேரே கால். உலகம் முழுக்க மூன்று, நாலு வயதுப் பிள்ளைகள் மனிதனை முதலில் இப்படித்தான் வரைகிறார்கள். யார் என்று கேட்டால் பெரும்பாலும் "அம்மா" என்பான். தேதி போட்டு எடுத்து வையுங்கள்.

"அக்காவைப் பாராட்டினா தம்பி அழுறான். ரெண்டு பேரையும் ஒரே மாதிரி பாராட்டணுமா?"

ஒரே மாதிரி வேண்டாம், அவரவர் செய்ததைச் சொல்லுங்கள். "அக்காவைப் பாரு" என்ற வார்த்தையை மட்டும் வீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். அவளிடம் தம்பிக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்லலாம், அப்போது அவளுக்கும் கௌரவம்.

இதோடு சேர்த்து ஒன்று. மகள் தட்டைக் கழுவ எடுத்துப் போட்டால் 'பொறுப்பான பொண்ணு' என்கிறோம், மகன் அதைச் செய்தால் 'அதை விடுடா' என்கிறோம். மகன் மரத்தில் ஏறினால் பெருமை, மகள் ஏறினால் திட்டு. பிள்ளைகள் இதைக் கவனிக்காமல் இல்லை. பால்வாடியில் எல்லோரும்தான் தட்டு கழுவுவார்கள், நான்கு வயதுப் பையன்கள் அதில் போட்டி போட்டதைப் பார்த்திருக்கிறேன்.

"எம் பிள்ளைக்கு வளர்ச்சி குறைவுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. மத்தவங்க சொல்றதைக் கேக்கவே முடியலை. நான் எதைச் சொல்லிப் பெருமைப்பட?"

இரண்டாவது பதிலில் உள்ள மாதக் கணக்கை நீங்கள் மூடி வைத்துவிடுங்கள். உங்கள் பிள்ளையின் போன மாதத்தோடு இந்த மாதத்தை வைத்துப் பாருங்கள். எங்கள் மையத்துக்கு மூளை முடக்குவாதம் உள்ள ஒரு பையன் வந்தான். டம்ளரைப் பிடித்தால் கை இறுகி, தண்ணீர் மேலே கொட்டிவிடும். பிசியோதெரபிக்காரர் சொன்னபடி இரண்டு பக்கமும் காது வைத்த கப் வாங்கி, அதில் இரண்டு மடக்கு மட்டும் ஊற்றிக் கொடுத்தோம். அவன் அம்மா ஒரு நோட்டில் எழுதி வந்தார்: பிடித்தான். தூக்கினான். உதட்டுக்கு வந்தது. ஒரு மடக்கு உள்ளே போனது. இதற்கு நாலு மாதம் ஆனது. அந்த ஒரு மடக்கு போன அன்று ஆயாம்மா எல்லாப் பிள்ளைகளையும் கை தட்டச் சொன்னார்கள், அவன் கப்பைக் கீழே போட்டுவிட்டுத் தானும் தட்டப் பார்த்தான்.

அந்த நோட்டை நீங்களும் எழுதுங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது எடுத்துப் போனால் சிகிச்சைக்கும் உதவும். நடந்த பிள்ளையின் அம்மா சொல்லும் அதே சத்தத்தில், உங்கள் பிள்ளை தண்ணீர் குடித்ததை வாசலில் நின்று சொல்லுங்கள்.

"எல்லாரும் பிள்ளையைப் பாத்துப் பூரிச்சுப் போறாங்க. எனக்கு அப்படி ஒண்ணுமே தோண மாட்டேங்குது. நான் நல்ல அம்மா இல்லையா?"

இதைச் சத்தமாகக் கேட்டவர்கள் மிகக் குறைவு. கேட்டவர்கள் எல்லோரும், வாசலில் மற்றவர்கள் போன பிறகு கேட்டார்கள். தூக்கமில்லாத உடம்பில் சந்தோஷம் ஏறாது, ரத்தசோகை இருந்தாலும் அப்படித்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பாருங்கள். பிரசவத்துக்குப் பிறகு இரண்டு வாரத்துக்கு மேல் அழுகை, வெறுமை, பிள்ளையைத் தொடவே பிடிக்காத மாதிரி இருந்தால் அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். அது நோய், குணமாகக் கூடியது, உங்கள் குணத்தில் உள்ள கோளாறு இல்லை. டாக்டரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

என்னிடம் அப்படிக் கேட்ட ஒரு அம்மாவிடம் பெருமைப்படச் சொல்லி நான் எதுவும் சொல்லவில்லை. டாக்டரிடம் கூட்டிப்போனோம், அவர் அம்மா வந்து இரண்டு மாதம் கூட இருந்தார். ஒருநாள் மதியம் பையனைக் கூப்பிட வந்தவர், நான் ஒன்றும் கேட்காமலேயே நின்று சொன்னார்: "நேத்து கடையிலருந்து பால் பாக்கெட்டை அவனே தூக்கிட்டு வந்தான் டீச்சர். கீழ போடலை. இப்படி." இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்து அணைத்து, தோளை லேசாக முன்னால் குனிந்து, அவன் நடந்த மாதிரியே வாசலில் நாலு எட்டு நடந்து காட்டினார்.